நெருப்பும் நஞ்சேறிய நிலமும்

(தாம்பரத்தில் நடைபெற்ற நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நஞ்சு கலந்த மண்ணை நெருப்பினால் தூய்மை செய்தல் என்பது இன்று பேசுதற்கு எமக்குத் தரப்பட்ட பொருள். இலக்கணம் கற்பிக்கும் தமிழ் வாத்தியாருக்கு இரசாயன நூலில் என்ன அலுவல் என்று நும்மிற் சிலர் புன்முறுவல் கொள்வது எமக்குத் தெரிகின்றது. இப்பொருளை யாமாக எடுத்துக்கொள்ளவில்லை. காரியக் கமிட்டியார் எம்மிடம் ஒப்படைத்தனர். அதன் காரணத்தை முதலிற் சொல்லிவிடுகின்றோம்.

நம் மாணவர் விடுதிக்காகப் பல்லாவரத்திற்கும் குரோம்பேட்டைக்கும் இடையே ஒரு மனை விலைக்கு வந்துள்ளதை அங்கத்தினர் அறிவீர். விலை மலிவு, இரயில் நிலையம் அண்மை. ஆனால் அவ்விடத்தில் முற்காலத்தே தோல் பதனிடும் சாலை ஒன்று இருந்ததென்று அயலார் சொல்லுகின்றனர். கமிட்டியில் இது பேச்சுக்கு வந்தபோது பெரியவர் ஒருவர், "அதனால் என்ன? மேல்மண்ணை வெட்டிச் செங்கற்சூளையில் வைத்துச் சுட்டுவிட்டாற் போயிற்று. நெருப்புக்கு நிற்கும் அழுக்கு உண்டோ?" என்றார். கொடைக்கானலில் பாதரசம் ஏறிய மண்ணை அங்ஙனமே சுட்டுத் தூய்மை செய்ததாகச் செய்தித்தாளிற் படித்தோம் என்று மற்றோர் அன்பர் துணை நின்றார். இருவர் சொல்லிலும் உண்மை உளது போலத் தோன்றிற்று. அஃது எத்துணை உண்மை என்று ஆராய்ந்து கூறுதலே எமக்கிட்ட பணி.

கொடைக்கானற் செய்தியை முதற்கண் கூறுவோம். அமெரிக்காவில் வாட்டர்டவுன் என்னும் ஊரிலிருந்து பெயர்த்துக் கொணரப்பட்ட தெர்மாமீட்டர்த் தொழிற்சாலை ஒன்று 1983ஆம் ஆண்டில் பாண்ட்ஸ் கம்பெனியாரால் அம்மலையில் நிறுவப்பட்டது. 1987இல் அது ஹிந்துஸ்தான் லீவர் கம்பெனியார் கைக்கு மாறிற்று. காய்ச்சல் பார்க்கும் கண்ணாடிக் குழலுள் வெள்ளிக் கம்பிபோல் ஏறியிறங்கும் பொருள் பாதரசம் என்பதை நம் வீட்டுச் சிறுவரும் அறிவர். அதனைக் குழலில் அடைக்குங்கால் சிந்தியதும், உடைந்த கண்ணாடியில் ஒட்டியதும், ஆவியாய்க் காற்றிற் சென்றதும் ஆலையைச் சூழ்ந்த மண்ணிற் படிந்தன. பாதரசம் ஒட்டிய உடைகண்ணாடி அவ்வூர்ப் பழைய சாமான் கடையொன்றிற் குவிந்து கிடப்பதை 2001ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஊராரும் கிரீன்பீஸ் இயக்கத்தாரும் வெளிப்படுத்தினர். அவ்வாண்டு மார்ச்சு மாதத்திலேயே ஆலை மூடப்பட்டது. கண்ணாடிக் கழிவு முதலாயின ஏறக்குறைய 290 டன் 2003இல் கப்பலேறி அமெரிக்காவுக்குத் திரும்பிப் போயின. பழைய தொழிலாளர் 591 பேருக்கும் கம்பெனியாருக்கும் உடன்படிக்கை ஏற்பட்டது 2016ஆம் ஆண்டில்தான். மண் மட்டும் மலைமேலேயே கிடந்தது.

அவ்வாலை நின்ற இடம் பாம்பாற்றுச் சோலைக்கு மேலுள்ள முகடு. அங்குப் பெய்யும் மழை பாம்பாற்றின் வழியே பெரியகுளத்துப் பக்கம் இறங்கி வையையின் படுகையைச் சேர்வது. பாதரசம் நீர்நிலைச் சேற்றிலுள்ள நுண்ணுயிர்களால் வேறு வடிவு கொண்டு மீனின் உடலில் ஏறும். மீனை உண்பார் உடலிலும் ஏறும். நரம்பைக் கெடுக்கும், கருவிலுள்ள குழவியைப் பெரிதும் வருத்தும். ஆதலின் மலைமேற் கிடக்கும் மண்தானே என்று அதனை விட்டுவிடுதல் இயலாதாயிற்று.

பாதரசத்தை நெருப்பினால் எழுப்பிப் பிரிக்கும் வகை நம் நாட்டிற்குப் புதிதன்று. சித்த வைத்தியர் சாதிலிங்கத்திலிருந்து இரசம் எடுப்பதைக் கண்டவர் இக்கூட்டத்திலேயே இருத்தல் கூடும். லிங்கத்தைச் சாறு விட்டரைத்து ஒரு சட்டியில் இடுவர், அதன்மேல் மற்றொரு சட்டியைக் கவிழ்ப்பர், வாயிரண்டும் பொருந்துமிடத்தைச் சீலைமண்ணால் மூடுவர், அடியில் தீயெரிப்பர், மேற்சட்டியின் முதுகில் ஈரத்துணி போடுவர். கீழே சூடேறிய லிங்கத்தினின்று இரசம் ஆவியாய் எழுந்து, குளிர்ந்த மேற்சட்டியின் உட்புறத்தே திவலை திவலையாய்ப் படியும். ஆறிய பின்னர்த் துடைத்தெடுத்துக்கொள்வர்.

இதன்கண் உற்று நோக்கத் தக்கது ஒன்றுண்டு. நெருப்பு இரசத்தை அழித்ததா? இல்லை. இருந்த இடத்தினின்று எழுப்பிற்று, அவ்வளவே. பிடித்து வைத்தது மேற்சட்டி. சீலைமண்ணில் மயிரிழை வெடிப்பு இருப்பினும் இரசம் சட்டியை விட்டு வைத்தியரின் மூக்கிற் புகும். சூடு பாதி, சீலைமண் பாதி. இவ்வொன்றை மனத்திற் பதித்துக்கொண்டால் இன்றைப் பேச்சின் முக்காற்பங்கு விளங்கிவிடும்.

கொடைக்கானலில் மேற்கொண்டதும் அடிப்படையில் இம்முறையே. மண்ணைத் தோண்டியெடுத்து முதலில் நீரால் அலசுவர். பாதரசம் பெரும்பாலும் நுண்பொடியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். பருமணலிலும் கல்லிலும் குறைவு. அலசிச் சலித்துப் பருமணலை ஒதுக்கினால் சுடவேண்டிய மண் மிகவும் சுருங்கும். எஞ்சிய நுண்மண்ணை மூடிய கலத்திலிட்டுச் சூடேற்றுவர். பாதரசம் சென்டிகிரேடு அளவில் 357 டிகிரியிற் கொதிக்கும். கலத்தினுள்ளிருக்கும் காற்றை வாங்கிவிட்டால் அதனினும் குறைந்த சூட்டிலேயே எழும். எழுந்த ஆவியைக் குளிர்கலத்துட் செலுத்தி மீட்டும் திரவமாக்குவர். அதற்கும் தப்பியதைக் கரித்தூள் நிரப்பிய வடிகட்டி பற்றிக்கொள்ளும். குளிர்கலமும் கரியுமே இங்கு மேற்சட்டியும் சீலைமண்ணும் ஆவன. 2017இல் சோதனையாகவும் பின்னர்ப் பேரளவிலும் அங்கு இப்பணி எடுத்துக்கொள்ளப்பட்டது.

எந்த அளவுக்குத் தூய்மை செய்தாற் போதும் என்பதன்மேல் பெருவழக்கு நிகழ்ந்தது. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் வரை பாதரசம் எஞ்சலாம் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தார் வரையறுத்தனர். காட்டின் தலைமாட்டில் இவ்வளவு விட்டுவைத்தல் தகாது என்றும், மேல்நாட்டிலாயின் இதனினும் கடுமையான அளவே கேட்கப்படும் என்றும் ஆர்வலர் வாதிட்டனர். அளவை இறுக்க இறுக்கத் தோண்டும் மண் பெருகும், மரங்கள் சாயும், சரிவு கரையும் என்பது எதிர்வாதம். எதிர்வாதத்திலும் பொருளுண்டு. ஆயினும் எம் மனம் முன்னவர் பக்கமே சாய்கின்றது. எஞ்சிய நஞ்சின் பாரத்தைச் சுமப்போர் மலையடியில் இருக்கின்றனர். அளவைக் குறித்தவர்களுள் அவர்கள் இல்லை.

சுடப்பட்ட மண்ணின் கதியையும் சொல்லவேண்டும். சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டா என்பது நம்மவர் பழமொழி. முந்நூறு நானூறு டிகிரிச் சூட்டில் மட்கு எரிந்துபோம். புழுவும் நுண்ணுயிரும் ஒழியும். நீரை ஏந்தும் தன்மை குன்றும். நஞ்சு நீங்கிய அம்மண் உடனே பயிருக்கு உதவாது. அதற்குத் தொழுவுரமும் தழையுரமும் இட்டு மறுபடியும் உயிரூட்ட வேண்டும். எரிபொருட் செலவும் சிறிதன்று. ஈரம் ஐந்தில் ஒரு பங்குள்ள ஒரு டன் மண்ணில் 200 கிலோ நீர் இருக்கின்றது. அந்நீர் முழுதும் ஆவியாகிப் போனபின்னரே மண்ணின் சூடு நூறு டிகிரியைக் கடந்து ஏறும். மழைநாட்டு மண்ணைச் சுடுவோன் முதலில் மழையைச் சுடுகின்றான்.

பாதரசத்திற்கு மட்டும் உரியதன்று இம்முறை. மண்ணிற் கசிந்த பெட்ரோலும் டீசலும் இதனினும் குறைந்த சூட்டிலேயே எழுந்து போம். பூச்சிமருந்துகளிற் பலவும் இதற்கு இணங்கும். உலகில் நிகழ்ந்த பெரிய வேலைகளுள் ஒன்று வியட்நாம் நாட்டு டா நாங் விமான நிலையத்தில் நடந்தது. போர்க்காலத்தில் காட்டு மரங்களை இலையுதிர்க்க அமெரிக்கப் படையார் தெளித்த மருந்தில் டையாக்சின் என்னும் கொடுநஞ்சு கலந்திருந்தது. அம்மருந்தைச் சேர்த்து வைத்த இடங்களின் மண் பல்லாண்டுகள் சென்றும் தூய்மையாகவில்லை. 2012 முதல் 2018 வரை இரு நாட்டு அரசாங்கமும் கூடி, பந்தாட்ட மைதானம் அன்ன பெருந்தொட்டியில் அம்மண்ணைக் குவித்து, நெடுங்கம்பிகளை உள்ளே நட்டு மின்சாரத்தால் சூடேற்றி, 335 டிகிரிக்குக் கொணர்ந்து மாதக்கணக்கில் வைத்திருந்தன. அங்ஙனம் தூய்மை செய்த மண் 90,000 கனமீட்டருக்கு மேற்பட்டது. செலவு பத்துக் கோடி டாலருக்கு மேல். அத்தொட்டியையும் மூடியே வைத்தனர். எழுந்த ஆவியையும் நீரையும் தனியே வாங்கித் தூய்மை செய்தனர்.

இவ்விடத்தே நம் பக்கத்து வழக்கம் ஒன்றைக் குறிக்காமல் அப்பாற் செல்ல மனமில்லை. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடுத்த பெருங்குடிக் குப்பைமேடு 2022ஆம் ஆண்டு ஏப்ரல் மாத இறுதியில் தீப்பற்றிப் பல நாள் புகைந்ததை நீவிர் மறந்திரீர். வேளச்சேரி முதலிய இடங்களில் உள்ளார் சாளரத்தை அடைத்துக்கொண்டு கிடந்தனர். அது பெருந்தீ, நாடறிந்தது. நாளும் மாலையில் நம் தெருமுனைகளில் பிளாஸ்டிக்குப் பையையும் பழைய ஒயர்களையும் கூட்டிப் போட்டுக் கொளுத்தும் சிறுதீயை யாரும் கணக்கிடுவதில்லை. பிளாஸ்டிக்குக் குப்பை திறந்த வெளியில் அரைகுறையாக எரியும்போது பிறப்பவற்றுள் டையாக்சினும் ஒன்று. எந்த நஞ்சை ஓட்டுதற்கு வியட்நாமிற் கோடிகளைச் செலவிட்டனரோ, அதன் சிறு துளியை நாம் ஒரு தீக்குச்சிச் செலவில் செய்துகொள்கின்றோம். தாய்மார்கள் இதனைச் சிறிது கவனிக்கவேண்டும்; ஆடவர் அதனினும் பெரிது கவனிக்கவேண்டும், கொளுத்துவோர் பெரும்பாலும் அவர்களே.

இனி நம் மனைக்கு வருவோம்.

குரோம்பேட்டை என்னும் பெயரே வழிகாட்டுகின்றது. இடப்பெயராராய்ச்சியில் எமக்குச் சிறிது பித்து உண்டாதலின் ஒரு நொடி இங்கே நிற்கின்றோம். பேட்டை நம் சொல். குரோம் என்பது நிறம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று வந்தது. அம்மாழையின் உப்புகள் பச்சையும் மஞ்சளும் செம்மஞ்சளுமாய்ப் பல நிறம் காட்டுதலின் அப்பெயர் பெற்றது. 1912இல் சேம்பர்ஸ் என்பார் பல்லாவரத்தை அடுத்து நிறுவிய குரோம் லெதர் கம்பெனியால் ஊருக்கு இப்பெயர் வாய்த்தது. அதற்கு முன் நம் நாட்டார் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோலைப் பதப்படுத்தி வந்தனர். அதற்கு வாரக்கணக்கில் காத்திருக்கவேண்டும். குரோமிய உப்பிலோ ஓரிரு நாளில் வேலை முடியும், தோலும் மென்மையாய் வெந்நீருக்கும் தாங்கும். ஆகவே தொழில் பெருகிற்று. பல்லாவரம், குரோம்பேட்டை, நாகல்கேணிப் பக்கமெல்லாம் தோற்சாலைகள் எழுந்தன. பலருக்குச் சோறு போட்ட தொழில் அது. அதனை யாம் இகழ்கின்றோமல்லோம். கழிவுநீரை வாங்கித் தூய்மை செய்யும் பொதுநிலையம் ஏற்படுமுன் அந்நீர் நிலத்திலும் ஏரியிலும் ஓடிற்று என்பதே செய்தி.

குரோமியம் பாதரசம் போன்றதன்று. அது மாழை, அதன் கொதிநிலை இரண்டாயிரத்து அறுநூறு டிகிரிக்கும் மேல். செங்கற்சூளையின் சூடு ஆயிரம் டிகிரியை ஒட்டியது. ஆதலின் அது சூளையில் ஆவியாய் எழுந்து போகாது, மண்ணிலேயே நிற்கும். 1863இல் புரூஸ் பூட் என்பார் இதே பல்லாவரத்து மண்ணிலிருந்து பழங்கற்கால மனிதன் விட்டுப்போன கற்கருவியை எடுத்தார். தன்னிடம் இட்டதை இந்நிலம் எத்துணைக் காலம் வைத்திருக்கும் என்பதற்கு அது சான்று.

போகாமல் நின்றால் மட்டும் கேடு சிறிதே. இதனினும் பெரிய கேடு ஒன்றுண்டு. மண்ணில் குரோமியம் இரு வடிவில் நிற்கும். ஒன்று மூவிணைக் குரோமியம். தோல் பதனிடப் பயன்படுவது அது. நீரில் எளிதிற் கரையாது, மண்ணோடு ஒட்டிக் கிடக்கும், தீங்கு குறைவு. மற்றொன்று ஆறிணைக் குரோமியம். ஆய்வுச்சாலையார் இதனை ஹெக்ஸாவேலண்ட் குரோமியம் என்பர். இது நீரிற் கரைந்து கிணற்றுக்குப் போகும், தோலைப் புண்ணாக்கும், இதன் தூசியை நெடுநாள் மூச்சில் வாங்கியோர்க்கு நுரையீரற் புற்றுநோய் தரும். முன்னதைப் பின்னதாக மாற்றும் வழிகளுள் ஒன்று, காற்றுப்படச் சூடேற்றுதல். சுண்ணாம்பு உடனிருந்தால் அம்மாற்றம் இன்னும் எளிதில் நிகழும்.

தோற்சாலையில் முதல்வேலை யாது? மயிர் நீக்குதல். எதனால் நீக்குவர்? சுண்ணாம்புத் தொட்டியால். எனவே பழைய தோற்சாலை மண்ணில் குரோமியமும் சுண்ணாம்பும் அருகருகே கிடக்கும். அதனை வெட்டிக் காற்றோட்டமுள்ள சூளையிலிட்டால் சாதுவாய்க் கிடந்ததை நாமே தட்டியெழுப்பி நஞ்சாக்கியவர் ஆவோம். செங்கல் சிவப்பாய் அழகாய்த்தான் வரும். மழை நனைக்குந்தோறும் அதினின்று கரைந்து ஒழுகுவது கண்ணுக்குத் தெரியாது.

இது வெறும் அச்சம் அன்று. ஆறிணை உப்பைத் தொழிலாகச் செய்வோர் குரோமியக் கனிமத்தைச் சோடாவோடும் சுண்ணாம்போடும் கலந்து காற்றுப்பட உலையில் வறுத்தே அதனைப் பெறுவது பழைய முறை. அத்தகைய உப்பைச் செய்துவந்த இராணிப்பேட்டைத் தமிழ்நாடு குரோமேட்ஸ் தொழிற்சாலை 1995இல் மூடப்பட்டது. ஒன்றரை இலட்சம் டன்னுக்குக் குறையாத கழிவு அங்கே மலையாய் நின்றது. அதன் பக்கத்து நிலத்தடி நீர் மஞ்சளாய் ஊறியதைக் கண்டவர் பலர். கொடைக்கானலில் நெருப்பு நஞ்சை விடுவித்தது. இராணிப்பேட்டையில் நெருப்பே நஞ்சைச் சமைத்தது. ஆகவே பெரியவர் கேட்ட வினாவுக்கு எம் விடை: நெருப்புக்கு நிற்கும் அழுக்கு உண்டு. நெருப்பினால் வளரும் அழுக்கும் உண்டு. நம் மனையில் கிடப்பது குரோமியமாயின் அது பின்னதைச் சேர்ந்தது.

அற்றேல் அதற்கு மருந்து இல்லையோ எனின், உண்டு. ஆறிணையை மீட்டும் மூவிணையாக்கி அடக்குதலே அம்மருந்தின் வேலை. இதற்கு உலகெங்கும் பயன்படுவது இரும்பு உப்பு. நம் வைத்தியர் சோகை நோய்க்குச் செந்தூரமாக்கிக் கொடுக்கும் அன்னபேதியேதான் அது. சர்க்கரை ஆலையில் எஞ்சும் கழிவுப்பாகும், மட்கிய தொழுவுரமும் மண்ணிலுள்ள நுண்ணுயிர்க்கு உணவாகி இவ்வேலையைச் செய்விக்கும். உலை செய்யாததை மாட்டுத்தொழுவம் செய்கின்றது! ஆயினும் இதனைக் கேட்டு, நாலு வண்டி எருவைக் கொட்டிவிட்டு விடுதியைக் கட்டிவிடலாம் என்று யாரும் எண்ணற்க. குரோமியம் அங்கேயேதான் இருக்கும்; வடிவு மாறியிருக்கும், அவ்வளவே. எத்துணை மருந்து, எத்துணை ஆழம், மேலே எத்தகைய மூடுபடை என்பனவெல்லாம் அத்துறை வல்லார் அளந்து சொல்லவேண்டியவை. அச்செலவையும் கூட்டிப் பார்த்தால் மலிவு மனை மலிவாய் இராமற் போகலாம்.

மண்ணை வெட்டி வேறிடத்துக்கு அனுப்பிவிடலாமே என்று ஒருவர் முன்வரிசையிலிருந்து மெல்லச் சொல்லுகின்றார். எங்கே அனுப்புவது? 2015ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் மேற்குத் தாம்பரமும் மூழ்கிய பின்னர், நம் பக்கத்தில் மனையை மேடாக்காமல் வீடு கட்டுவாரில்லை. எங்கோ தோண்டிய மண் லாரியில் ஏறுகின்றது. எவர் வீட்டு முற்றத்திலோ இறங்குகின்றது. நாம் கழிக்கும் மண் நம் அங்கத்தினர் ஒருவருடைய கிணற்றடியிலேயே வந்து நிற்கக் கூடும். இங்கே மனை வாங்குவோர்க்கும் இதனால் ஒரு வேண்டுகோள்: அடிநிலத்தை மட்டும் பாராது, மேலே கொட்டிய மண் எங்கிருந்து வந்தது என்றும் கேளுங்கள்.

இப்பொழுது செய்யத்தக்கன சில. முன்பணம் கொடுக்குமுன் மனையில் ஐந்தாறு இடத்திலேனும், மேல்மண்ணிலும் மூன்றடியிலும் ஆறடியிலும் மாதிரி எடுத்து, அங்கீகாரம் பெற்ற ஆய்வுச்சாலைக்கு அனுப்பவேண்டும். மொத்தக் குரோமியம் என்று மட்டும் கேட்டால் பாதி விடையே வரும். ஆறிணைக் குரோமியத்தையும் தனியே அளந்து தருமாறு எழுதிக் கேட்கவேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீரையும் பார்க்கவேண்டும். குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது இந்திய நியமம். பழைய தொட்டிகள் இருந்த மூலை எது என்பதை அயலிலுள்ள முதியோரிடம் கேட்டறிதல் நன்று. வில்லங்கச் சான்றில் கடன் தெரியும், குரோமியம் தெரியாது. மாசுற்ற இடங்களை மேலாளுதற்கென மத்திய அரசாங்கத்தார் 2025ஆம் ஆண்டில் தனி விதிகளே வெளியிட்டுளர். அவற்றின்படி மாசு செய்தவரே தூய்மைச் செலவையும் ஏற்கவேண்டும். ஆனால் செய்தவர் இன்னார் என்று காட்டுதல் எளிதன்று. பழைய சாலைகளிற் பலவற்றுக்கு உரியவரே இலர். ஐயமுள்ள இடத்தை உள்ளாட்சியார்க்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தார்க்கும் எழுதித் தெரிவித்தல் நம் கடன். மனையை நாம் வாங்காது விட்டாலும் அக்கடன் நீங்காது. நாம் விட்டதை அறியாதான் ஒருவன் வாங்குவான்.

அவ்விடுதியில் இருக்கப்போகின்றவர் பத்து வயது முதல் பதினெட்டு வயதுவரை உள்ள பிள்ளைகள். அம்மண்ணில் ஓடுவார், ஆடுவார், அக்கிணற்று நீரைக் குடிப்பார். ஆதலின் ஆய்வு முடிவு கைக்கு வரும்வரை விலைபேசுதலை நிறுத்திவைக்குமாறு கமிட்டியாரைக் கேட்டுக்கொள்கின்றோம். வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் மாதிரி எடுக்கக் கருதியுள்ளோம். மண்வெட்டி பிடிக்கவல்ல இளைஞர் நால்வர் வேண்டும். உடன்வர விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் காரியதரிசியிடம் பெயர் கொடுக்கலாம்.